வெறுமைக்கு இடம் கொடுத்தவர்கள்

ஒரு பொருளைப் பாதியாக வெட்டு; அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு; இப்படியே போனால் இனி வெட்டவே முடியாத ஒரு துணுக்கு மிஞ்சும்; அதுதான் அணு, அதைச் சொன்னவர் டெமாக்ரிடஸ். பள்ளியில் நம்மில் பலர் இப்படித்தான் படித்தோம். பெரிய பிழை ஒன்றும் இதில் இல்லை. ஆனால் வகுப்பில் யாராவது எழுந்து, “ஏன் சார் மிஞ்சணும்? வெட்டிக்கிட்டே போகலாமே?” என்று கேட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும். நியாயமான கேள்வி அது. கிரேக்கர்களிலேயே அனக்சகோரஸ் அந்தப் பக்கம்தான் நின்றார். எவ்வளவு சிறியதை எடுத்தாலும் அதைவிடச் சிறியது இருக்கவே செய்யும், கடைசி என்று ஒன்று கிடையாது என்பது அவர் கொள்கை. வெட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டு அவரை மறுத்துவிட முடியாது.

அணுக்கொள்கையின் வேர் வேறொரு இடத்தில் இருக்கிறது. உலகில் மாற்றம் என்று ஒன்று உண்மையிலேயே நடக்கிறதா என்ற கேள்வியில்தான் அது முளைத்தது. விதை மரமாகிறது, பால் தயிராகிறது, நேற்று இருந்த மனிதர் இன்று இல்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, இவற்றில் எதுவும் நடக்கவில்லை என்று ஒருவர் வாதாடினார். வாதம் அசைக்க முடியாததாக இருந்தது. அவருக்குப் பதில் தேடிய மூன்று தலைமுறை முயற்சியின் முடிவில் கிடைத்ததே அணு.

அவர் பார்மெனிடீஸ். இன்றைய தென் இத்தாலியின் கடற்கரையில் இருந்த எலியா என்ற கிரேக்கக் குடியேற்ற நகரத்தைச் சேர்ந்தவர். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் தத்துவத்தைக் கவிதையாக எழுதினார். அவருக்கு முன்பே மிலீட்டஸ் நகரத்துச் சிந்தனையாளர்கள் உலகம் எதனால் ஆனது என்று கேட்டிருந்தார்கள். தேலீஸ் தண்ணீர் என்றார். அனாக்சிமினீஸ் காற்று என்றார். அது நெகிழ்ந்தால் நெருப்பு, இறுகினால் மேகம், நீர், மண், கல் என்று வழியும் சொன்னார். இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை கிடந்தது: ஒன்று இன்னொன்றாக மாற முடியும். பார்மெனிடீஸ் அங்கேதான் கை வைத்தார்.

அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். இல்லாத ஒன்றைப் பற்றி நினைக்கவும் முடியாது, பேசவும் முடியாது. ஒரு பொருள் புதிதாகத் தோன்றுகிறது என்றால் முன்பு அது இல்லாமல் இருந்தது என்று பொருள். இல்லாமையிலிருந்து எதுவும் வர முடியாது. அழிகிறது என்றால் இல்லாமைக்குள் போய்ச் சேர வேண்டும், அதுவும் முடியாது. ஆக, தோற்றமும் இல்லை, அழிவும் இல்லை. இரண்டு பொருள்கள் தனித்தனியாக இருக்க வேண்டுமானால் அவற்றைப் பிரிக்க நடுவில் ஏதாவது வேண்டும். நடுவில் பொருள் இருந்தால் அது பிரிவே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் இல்லாமையை இருக்கிறது என்று சொன்ன குற்றம் வந்துவிடும். எனவே இருப்பது ஒன்றே. பிறவாதது, அழியாதது, அசையாதது, எங்கும் ஒரே சீரானது. நாம் காணும் நிறமும் அசைவும் பிறப்பும் இறப்பும் மனிதர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள்.

படித்ததும் சிரிப்பு வரலாம். ஆனால் எந்த இடத்தில் பிசகு என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் தடுமாறிப்போவோம். அன்றைய கிரேக்கச் சிந்தனையாளர்களில் கூர்மையானவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகவில்லை. பார்மெனிடீஸின் மாணவர் ஜீனோ, பகுப்பது பற்றிய புதிர்களை அடுக்கினார். ஒரு பொருளை முடிவில்லாமல் பகுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், கடைசித் துண்டுகளுக்கு அளவு உண்டா, இல்லையா? அளவு இல்லை என்றால் எத்தனை கோடி சேர்த்தாலும் பொருள் உருவாகாது. அளவு உண்டு என்றால், எண்ணற்ற துண்டுகள் சேர்ந்து முடிவில்லாத பெரும்பொருள் ஆகிவிடும்.

சாமோஸ் தீவின் மெலிஸ்ஸஸ் இந்தக் கட்சியின் மூன்றாவது ஆள். கி.மு. 441இல் ஏதென்ஸின் கப்பற்படையை எதிர்த்து நின்று வென்ற கடற்படைத் தளபதியும் அவரே. அணுக்கொள்கையின் கதையில் இவருடைய பங்கு மிகப் பெரியது என்பேன். ஒரு பொருள் நகர வேண்டுமானால் அது போய்ச் சேர ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும், காலி என்பது இல்லாமை, இல்லாமை இல்லை, ஆகவே நகர்வும் இல்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். உலகில் பல பொருள்கள் இருப்பதாக யாராவது வாதிட்டால், அவற்றில் ஒவ்வொன்றும் தான் சொல்லும் ‘ஒன்று’ போலவே பிறவாததாக, அழியாததாக, மாறாததாக இருக்க வேண்டும். எதிராளியால் முடியாது என்று நினைத்து விட்ட சவால் அது.

அதற்குள் வேறு இரண்டு பேர் பாதி வழியில் பதில் கண்டிருந்தார்கள். சிசிலியின் அக்ரகாஸ் நகரத்து எம்பெடோக்ளீஸ், மண், நீர், காற்று, நெருப்பு என்று மாறாத நான்கு வேர்கள் உண்டு, அவை கலப்பதையும் பிரிவதையும்தான் பிறப்பு, இறப்பு என்கிறோம் என்றார். அனக்சகோரஸ், எல்லாப் பொருளிலும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றார். இருவரும் வெறுமையை மட்டும் ஏற்கவில்லை. அதற்குக் கையில் சான்று இருந்தது. கிளெப்சிட்ரா என்று கிரேக்க வீடுகளில் ஒரு பாத்திரம் உண்டு. மேலே குறுகிய வாய், அடியில் பல சிறு துளைகள். பெரிய சாடியில் இதை அமிழ்த்தி, நிரம்பியதும் மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் திரவம் கொட்டாமல் வரும். விரலை எடுத்தால் அடித்துளைகள் வழியாக இறங்கும். வெற்றுப் பாத்திரத்தை மேல்வாயை மூடியபடியே நீருக்குள் அழுத்தினால், அடியில் அத்தனை துளைகள் இருந்தும் தண்ணீர் உள்ளே ஏறாது. வெண்கல கிளெப்சிட்ராவை வைத்து ஒரு சிறுமி விளையாடுவதை எம்பெடோக்ளீஸ் தன் கவிதையில் வருணித்திருக்கிறார். வெற்றிடம் போலத் தெரியும் பாத்திரத்துக்குள் தண்ணீரைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, அது காற்று. அனக்சகோரசும் இதையே காட்டி, நீங்கள் வெறுமை என்று நினைப்பதெல்லாம் காற்றுதான் என்று வாதிட்டதாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார்.

வாதத்தாலும் சோதனையாலும் வெறுமை இப்படித் துரத்தப்பட்ட நிலையில்தான் லூசிப்பஸ் வருகிறார். இவரைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகக் குறைவு. சொந்த ஊர் மிலீட்டஸ் என்று சிலர், எலியா என்று சிலர், அப்டேரா என்று சிலர் சொன்னார்கள். ‘பெரிய உலக அமைப்பு’ என்ற நூல் அவருடையது என்று அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் கூறினார். அவர் சொன்னதாக மிஞ்சியிருப்பது ஒரே வாக்கியம். எதுவும் காரணமின்றி நடப்பதில்லை, எல்லாம் காரணத்தாலும் கட்டாயத்தாலும் நடக்கின்றன என்பது அதன் சாரம். ஆனால் அவர் செய்த காரியத்தை அரிஸ்டாட்டில் ‘தோற்றமும் அழிவும்’ என்ற நூலில் தெளிவாகப் பதிந்து வைத்திருக்கிறார்.

மெலிஸ்ஸஸின் வாதத்தை லூசிப்பஸ் மறுக்கவில்லை. நகர்வுக்கு வெறுமை வேண்டும் என்பதை அப்படியே ஒப்புக்கொண்டார். பிறகு அதைத் தலைகீழாகப் படித்தார். நகர்வுக்கு வெறுமை வேண்டும். பொருள்கள் நகர்கின்றன, கண்முன் தெரிகிறது. ஆகவே வெறுமை இருக்கிறது. அதே முன்மொழிவு, எதிர் முடிவு. பொருள் எவ்வளவு உண்மையோ வெறுமையும் அவ்வளவு உண்மை என்று துணிந்து சொன்னார். மெலிஸ்ஸஸ் விட்ட சவாலையும் எடுத்துக்கொண்டார். பல பொருள்கள் இருந்தால் ஒவ்வொன்றும் அந்த ‘ஒன்று’ போல இருக்க வேண்டுமா? இருக்கட்டும். பிறவாத, அழியாத, உள்ளே மாற்றமே இல்லாத ஒன்றுகள் எண்ணற்று இருக்கின்றன, அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, வெறுமையில் அலைகின்றன. சேர்ந்தால் பொருள் தோன்றுகிறது, பிரிந்தால் அழிகிறது. பார்மெனிடீஸின் அசையாத பேருருவை எண்ணற்ற துகள்களாக்கி, அவற்றுக்கு அசைய இடமும் கொடுத்துவிட்டார். மனித சிந்தனையின் வரலாற்றில் இதைவிட அழகான ஒரு நகர்வை நான் அறியேன்.

இப்போது அணுவை ஏன் வெட்ட முடியாது என்பதற்கும் பதில் கிடைக்கிறது. ஒரு பொருள் பிளக்கிறது என்றால், அதற்குள் ஏற்கெனவே இருக்கும் வெறுமையின் வழியாகத்தான் பிளக்கிறது. அணுவுக்குள் வெறுமை இல்லை, முழுக்க நிறைந்தது. பிளவு நுழைய வழியே கிடையாது. ஜீனோவின் புதிருக்கும் ஒரு விடை உருவானது. அரிஸ்டாட்டில் அதை டெமாக்ரிடஸின் தரப்பு வாதமாக விரித்துரைக்கிறார். ஒரு பொருளை எல்லா இடத்திலும் பகுத்து முடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். என்ன மிஞ்சும்? அளவுள்ள துண்டு மிஞ்சினால் பகுத்து முடியவில்லை. அளவில்லாத புள்ளிகள் மிஞ்சினால் அவற்றைச் சேர்த்துப் பொருளைத் திரும்பப் பெற முடியாது. ஒன்றுமே மிஞ்சாவிட்டால் பொருள் இல்லாமையால் ஆனது என்றாகிவிடும். மூன்றும் பொருந்தாதவை. எனவே பகுப்பு எங்கோ ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும். அரிஸ்டாட்டிலின் மறுப்பும் சாமானியமானதில்லை. ஒரு பொருளை எந்த இடத்தில் வேண்டுமானாலும் பகுக்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பகுத்து முடித்த நிலை என்று ஒன்று கிடையாது என்றார்.

வெறுமை உண்டு என்பவர்கள் சான்றும் தேடினார்கள். சாம்பல் நிறைந்த பாத்திரம், வெற்றுப் பாத்திரம் கொள்ளும் அளவு தண்ணீரையே கொள்கிறது என்றார்கள். அதே அளவு என்பது மிகை. ஆனாலும் நிறைந்திருப்பதாகத் தெரியும் சாம்பலுக்குள் நிறைய நீர் நுழைகிறது என்பது யாரும் செய்து பார்க்கக் கூடியது.

லூசிப்பஸ் போட்ட அடித்தளத்தின் மேல் முழு மாளிகை எழுப்பியவர் டெமாக்ரிடஸ். கிரேக்க உலகின் வடக்கு ஓரத்தில், திரேஸ் கரையில் இருந்த அப்டேரா அவர் ஊர். ஏறத்தாழ கி.மு. 460இல் பிறந்தார். வானியல், கணிதம், இசை, மருத்துவம், வேளாண்மை, ஒழுக்கம் என்று சுமார் 70 நூல்களின் பெயர்கள் பட்டியலாகக் கிடைக்கின்றன. ஒரு நூல்கூட முழுதாக மிஞ்சவில்லை. பிளேட்டோ தன் உரையாடல்களில் அவர் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவருடைய நூல்களையெல்லாம் திரட்டி எரிக்க பிளேட்டோ விரும்பினார், நண்பர்கள் தடுத்தார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. டெமாக்ரிடஸின் இயற்கைக் கொள்கையைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி அதை ஏற்காதவர்கள் எழுதியதிலிருந்து கிடைத்தது. அரிஸ்டாட்டில் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதுவும் தொலைந்துபோனது. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், கி.பி. 6ஆம் நூற்றாண்டில் உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் அதிலிருந்து எடுத்தெழுதிய பகுதி மட்டும் இருக்கிறது. எதிராளியின் கருத்தை நேர்மையாக எழுதிவைத்த அரிஸ்டாட்டிலுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

டெமாக்ரிடஸின் அணுக்களுக்கு நிறம், சுவை, மணம், சூடு எதுவும் கிடையாது. வடிவமும் அளவும் மட்டுமே உண்டு. இந்த உலகத்தின் அத்தனை வகையும் மூன்றே வேறுபாடுகளிலிருந்து வருகிறது: அணுக்களின் வடிவம், அவை அடுக்கப்பட்ட வரிசை, அவை திரும்பியிருக்கும் நிலை. அரிஸ்டாட்டில் இதை எழுத்துகளை வைத்து விளக்குகிறார். இரண்டு எழுத்துகள் வடிவத்தால் வேறுபடலாம். அதே இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் வரிசையால் வேறுபடும். ஒரே எழுத்தைப் படுக்கப் போட்டால் நிலையால் இன்னொன்றாகிவிடும். சோக நாடகமும் நகைச்சுவை நாடகமும் அதே எழுத்துகளால்தான் எழுதப்படுகின்றன என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

இதை டெமாக்ரிடஸ் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதை தியோஃபிராஸ்டஸ் எழுதிய குறிப்புகளில் பார்க்கலாம். புளிப்பு என்பது கூர்முனைகள் நிறைந்த சிறிய அணுக்கள் நாக்கில் படுவது. இனிப்பு, உருண்டையான, அளவில் மிகச் சிறுத்துவிடாத அணுக்கள் தருவது. விவரம் தவறு. ஆனால் கேள்வி கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். சர்க்கரை ஏன் இனிக்கிறது என்பதற்கு, அதில் இனிப்பு என்ற குணம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இனிப்பே இல்லாத துகள்களின் வடிவம், இனிப்பை உணரும் நாக்கில் செய்யும் வேலையைப் பார்த்தார். இன்றைய உயிர்வேதியியலும், ஒரு மூலக்கூறின் வடிவம் நாக்கிலுள்ள புரத ஏற்பியில் எப்படிப் பொருந்துகிறது என்ற திசையில்தான் சுவையை விளக்குகிறது.

இந்தக் கொள்கையின் பலவீனம் எங்கே என்பதும் அவருக்கே தெரிந்திருந்தது. இனிப்பு, கசப்பு, சூடு, குளிர், நிறம் எல்லாம் வழக்கில் உள்ளவை, உண்மையில் இருப்பவை அணுக்களும் வெறுமையும் மட்டுமே என்று சொன்ன அவர், அடுத்து புலன்களையே பேசவிட்டிருக்கிறார். மருத்துவர் காலென் பாதுகாத்துத் தந்த செய்தி இது. எங்களிடமிருந்து சாட்சியம் வாங்கிக்கொண்டு எங்களையே பொய் என்கிறாயே, நாங்கள் விழுந்தால் நீயும் விழுவாய் என்று புலன்கள் அறிவிடம் முறையிடுகின்றன. தன் கொள்கைக்கு எதிரான மிக வலுவான வாதத்தைத் தானே எழுதிவைத்தவரை மதிக்காமல் இருக்க முடியாது.

கணிதத்திலும் அவரை அதே சிக்கல் துரத்தியது. ஒரு கூம்பை அதன் அடிப்பாகத்துக்கு இணையாகக் கத்தியால் வெட்டுங்கள். இரண்டு துண்டுகளிலும் வெட்டுப்பட்ட முகம் வட்டமாக இருக்கும். அந்த இரண்டு வட்டங்களும் சமமா, இல்லையா? சமமில்லை என்றால் கூம்பின் பக்கம் வழவழப்பாக இருக்க முடியாது. படிப்படியாக இருக்க வேண்டும். சமம் என்றால், எங்கு வெட்டினாலும் சமம்தான். அப்படியானால் அது கூம்பே இல்லை, உருளை. ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் இதைப் பற்றி எழுத, புளூட்டார்க் அதைக் குறித்துவைத்தார். கூம்பின் கனஅளவு அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதை முதலில் சொன்னவர் டெமாக்ரிடஸ் என்று ஆர்க்கிமிடீஸ் எழுதியிருக்கிறார். கணித அறிஞர் யூடாக்ஸஸ் பின்னால் நிரூபித்தாலும், முதலில் சொன்னவருக்கும் பெருமையில் பங்கு உண்டு என்கிறார். ஆர்க்கிமிடீஸின் அந்த நூல், எழுத்தைச் சுரண்டிவிட்டுப் பிரார்த்தனைப் புத்தகமாக்கிய தோல் ஏடுகளுக்குள் மறைந்து கிடந்தது. 1906இல் கான்ஸ்டான்டிநோபிளில் அறிஞர் ஹைபெர்க் அதைப் படித்தெடுத்தார்.

அணுக்கொள்கையினர் பேரண்டத்தைப் பற்றியும் துணிச்சலாகச் சிந்தித்தார்கள். அணுக்களின் சுழலில் எண்ணற்ற உலகங்கள் பிறக்கின்றன, சிலவற்றில் சூரியனும் சந்திரனும் இல்லை, உலகங்கள் மோதி அழிவதும் உண்டு என்றார்கள். பால்வெளி விண்மீன்களின் ஒளி என்பதும் டெமாக்ரிடஸின் கருத்து. அதே மனிதர் பூமியைத் தட்டையானது என்றுதான் நினைத்தார். அணுக்களுக்குக் கொக்கிகள் இருப்பதாகவும் நினைத்தார். சரியாக வந்த சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து அவரைத் தீர்க்கதரிசி ஆக்குவது சரியில்லை.

அரிஸ்டாட்டில் வெறுமையை ஏற்காததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வெறுமையில் ஒரு பொருள் நகரத் தொடங்கினால், அது இந்த இடத்தில் நிற்பதற்கும் அந்த இடத்தில் நிற்பதற்கும் காரணம் எதுவும் இருக்காது. எதுவும் தடுக்காத வரை முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். இது நடக்காத காரியம் என்றார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் கழித்து நியூட்டன் தன் முதல் விதியாக எழுதியது கிட்டத்தட்ட இதைத்தான். தர்க்கம் சரியாகவே இருந்தது. அதன் முடிவைத்தான் அரிஸ்டாட்டில் நம்ப மறுத்தார்.

மீதிக் கதை வேகமானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எபிகியூரஸ் அணுவுக்கு எடையைச் சேர்த்து, அதைத் தெய்வ பயத்திலிருந்தும் மரண பயத்திலிருந்தும் விடுபடும் மருந்தாக்கினார். கி.மு. முதல் நூற்றாண்டில் லுக்ரீஷியஸ் அதை லத்தீனில் ஒரு நெடுங்கவிதையாகப் பாடினார். ஆண்டுக்கணக்கில் அணியும் மோதிரம் உள்பக்கம் தேய்வதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன என்று அவர் சொன்னது நல்ல சான்று. மறக்கப்பட்ட அந்தக் கவிதையை 1417இல் போஜியோ பிராச்சோலினி மீட்டார். காசெண்டி, பாயில் போன்ற சிந்தனையாளர்கள் வழியாக அணு ஐரோப்பாவுக்குத் திரும்பியது. 1841இல் கார்ல் மார்க்ஸ் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்த பொருள், டெமாக்ரிடஸ், எபிகியூரஸ் இருவரின் இயற்கைத் தத்துவத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

அதற்கு முன்பே, 1808இல், டால்டன் செய்தது புதிய காரியம். அவர் தராசை எடுத்தார். கரியின் இரண்டு ஆக்சைடுகளில், ஒரே எடை கரியோடு சேரும் ஆக்சிஜனின் எடை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருப்பதற்கு, முழு அணுக்களாகச் சேர்வதே காரணம் என்று காட்டினார். அப்போதும் பலர் நம்பவில்லை. நீர் மூலக்கூறுகள் மோதுவதால் நுண்துகள்கள் ஓயாமல் அசைவதற்கு 1905இல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட, நீரில் மிதக்கும் பிசின் மணிகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணி ழான் பெரின் அதை உறுதிசெய்த பிறகுதான், ஆஸ்ட்வால்டு போன்ற பெரிய வேதியியலாளர்கள் இறங்கிவந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1897இல், தாம்சன் எலக்ட்ரானைக் கண்டு அணுவுக்கும் உள்பாகங்கள் உண்டு என்று காட்டியிருந்தார்.

ஆகவே கிரேக்கர்கள் அணுவைக் கண்டுபிடித்தார்கள் என்பது பொருந்தாது. நாம் இன்று அணு என்பது பிளக்கக் கூடியது, அவர்கள் சொன்னது பிளக்க முடியாதது. அளக்கவும் எண்ணவும் அவர்களிடம் வழி இல்லை. அவர்கள் கொடுத்தது ஒரு விளக்க முறை. மாறுபவற்றை மாறாதவற்றின் சேர்க்கையால் விளக்கு. குணங்களைக் குணமற்றவற்றின் அமைப்பால் விளக்கு. ஒன்றுமில்லாத இடத்துக்கும் கணக்கில் இடம் கொடு. இயற்பியலும் வேதியியலும் இன்றுவரை அந்த முறையில்தான் நடக்கின்றன.

கிரேக்க நாட்டின் பழைய 10 டிராக்மா நாணயத்தில் ஒரு பக்கம் டெமாக்ரிடஸின் முகமும் மறுபக்கம் அணுவின் படமும் இருந்தன. அவருக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் முதல் அடியை எடுத்தவர் லூசிப்பஸ். அவருக்கு அந்த அடியை எடுக்கக் கதவைக் காட்டியவர்கள், மாற்றமே இல்லை என்று வாதாடிய பார்மெனிடீசும் மெலிஸ்ஸசும். அணுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரே ஒரு வகுப்பை இந்த வாதத்துக்கு ஒதுக்குங்கள். வெறுமை இருக்கிறதா இல்லையா என்று மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசவிடுங்கள். அதற்குப் பிறகு டால்டனைத் தொடங்கலாம்.